முக நரம்பு பாதிப்புக்குப் பிறகு: எதை முன்வைத்து, எந்த வழியில், எப்போது கேட்பது?

காதோரக் கட்டியை அகற்றிய மறுநாள் காலை, மருத்துவர் நோயாளியின் கட்டிலருகே நின்று சில எளிய அசைவுகளைச் செய்துகாட்டச் சொல்வார்: நெற்றியைச் சுருக்குங்கள், கண்ணை இறுக மூடுங்கள், மூக்கைச் சுளியுங்கள், பல்லைக் காட்டுங்கள், கன்னத்தை உப்புங்கள். முகத்தின் ஒரு பாதி சொன்னபடி கேட்டு மறுபாதி அசையாமல் கிடந்தால், அந்த நிமிடத்தில் நோயாளி கேட்பது ‘இது சரியாகிவிடுமா’ என்ற கேள்வி மட்டுமே. வழக்குப் பற்றிய பேச்சு வருவதற்குப் பெரும்பாலும் சில மாதங்கள் ஆகும். குடிக்கும் நீர் உதட்டோரம் வழிவதும், இரவில் இமையைப் பிளாஸ்திரியால் ஒட்டிக்கொண்டு படுப்பதும் அன்றாடமாகிவிட்ட பிறகே அது எழுகிறது. அப்போதும் அது ‘வழக்குப் போடலாமா, வேண்டாமா’ என்ற ஒற்றைக் கேள்வியாகத்தான் கேட்கப்படுகிறது. உண்மையில் முடிவு செய்ய வேண்டியவை வேறு: எந்தத் தவறை முன்வைப்பது, அதை எந்த மன்றத்தில் முன்வைப்பது, எந்தக் கட்டத்தில் முன்வைப்பது. இவற்றில் முதலாவதைச் சரியாகத் தீர்மானிக்காதவர்கள் மற்ற இரண்டிலும் தடுமாறுகிறார்கள் என்பதால், இக்கட்டுரையின் பெரும்பகுதி அதற்கே செலவாகும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘நரம்பை வெட்டிவிட்டார்கள்’ என்பது கேட்பதற்கு மிக வலுவான குற்றச்சாட்டாகத் தோன்றினாலும் நிரூபிக்க மிகக் கடினமானது. அறுவைக்கு முன் சொல்லாமல் விட்டதும், அறுவைக்குப் பின் செய்யாமல் விட்டதும் பல நேரங்களில் அதைவிட உறுதியான அடித்தளமாக அமைகின்றன.

பாதிப்பே தவறுக்குச் சான்றாகுமா?

முக நரம்பு எனப்படும் ஏழாவது மூளை நரம்பு, காதுக்குப் பின்னால் மண்டையோட்டின் அடியில் உள்ள சிறு துளை வழியாக வெளியே வந்து, பரோட்டிட் என்னும் காதோர உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நுழைந்து, அதற்குள்ளேயே கிளைவிட்டு நெற்றி, கண், கன்னம், கீழுதடு, கழுத்து ஆகிய பகுதிகளுக்குச் செல்கிறது. பரோட்டிட் கட்டிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் புற்றுநோயல்லாதவை. ஆனால் அவற்றை அகற்றுவதற்கும், நரம்பின் அடிமரத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் ஒவ்வொரு கிளையின் மீதிருந்தும் சுரப்பியை உரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. காதுக்குள் செல்லும் எட்டாவது நரம்பில் வளரும் வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்ற கட்டியின் நிலை இன்னும் சிக்கலானது. அந்த நரம்பும் முக நரம்பும் ஒரே எலும்புக் கால்வாய் வழியாகச் செல்வதால், பெரிதாக வளர்ந்த கட்டியின் மேல் முக நரம்பு நாடாப்போல் தட்டையாகி ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டி எங்கே முடிகிறது, நரம்பு எங்கே தொடங்குகிறது என்பதே நுண்ணோக்கியின் கீழும் தெளிவில்லாமல் போவதுண்டு.

ஆகவே கைதேர்ந்த அறுவை மருத்துவரின் கையிலும் நரம்பு இழுபட்டு, வீங்கி, சில வாரங்களோ மாதங்களோ வேலைநிறுத்தம் செய்வது அரிதன்று. செடன் என்ற மருத்துவர் 1943-இல் வகுத்த மூன்று நிலைகள் இன்றும் பயன்படுகின்றன: நரம்பின் கட்டமைப்பு கெடாமல் மின்னோட்டம் மட்டும் தடைபடுவது, உள்ளிழைகள் அறுந்து வெளியுறை மட்டும் மிஞ்சுவது, நரம்பே முழுதாகத் துண்டாவது. முதல் நிலை தானாகச் சரியாகும். இரண்டாவது நிலையில் இழைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் மீண்டும் வளர வேண்டும். மூன்றாவது நிலைக்குத் தையலோ ஒட்டு நரம்போ இன்றி வழியில்லை. முதல் நாள் காலை கண்ணாடியில் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் நோயாளிக்கும் பின்னர் நீதிமன்றத்துக்கும் உள்ள இடர்ப்பாடு. முகம் கோணியிருப்பதை மட்டும் காட்டி ‘தவறு நடந்ததற்கு இதுவே சாட்சி’ என்று வாதிடுவது இந்த வகை வழக்குகளில் அரிதாகவே எடுபடுகிறது.

முதல் அடித்தளம்: அறுவை மேசையில் நடந்தது

இங்கிலாந்தில் 1957-இல் போலம் வழக்கில் வகுக்கப்பட்ட அளவுகோல் பல நாடுகளின் சட்டத்தில் ஏதோவொரு வடிவில் ஊறியிருக்கிறது: பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு பிரிவினர் சரியென ஏற்கும் முறைப்படி நடந்துகொண்ட மருத்துவர், வேறொரு பிரிவினர் மாறாகக் கருதினாலும், கவனக்குறைவாக நடந்தவர் ஆகமாட்டார். அந்த ஏற்பு தர்க்கத்துக்கு நிற்க வேண்டும் என்று 1997-இல் பொலிதோ வழக்கில் ஒரு கட்டுப்பாடு சேர்ந்தது. இதன் நடைமுறைப் பொருள் என்னவென்றால், நோயாளியின் தரப்பு அதே துறையைச் சேர்ந்த நிபுணர் ஒருவரைக் கொண்டுவந்து, எந்தப் படி தவறவிடப்பட்டது என்று சுட்டிக்காட்ட வேண்டும். நரம்பு அறுந்தது என்பது விளைவு. நீதிமன்றம் கேட்பது செயலை.

அந்தச் செயலின் தடயம் இரண்டு தாள்களில் இருக்கிறது. பலர் ஒன்றை மட்டுமே கேட்டு வாங்குகிறார்கள். ஒன்று அறுவைக் குறிப்பு. ‘முக நரம்பு கண்டறியப்பட்டுப் பாதுகாக்கப்பட்டது’ என்ற ஒரே வரி இருந்தால் அது எதையும் நிறுவுவதில்லை. அதே வரி எல்லாக் குறிப்புகளிலும் பழக்கத்தால் எழுதப்படுவதாகவும் இருக்கலாம். காதுக் குருத்தெலும்பின் முனை, இருவயிற்றுத் தசையின் மேல்விளிம்பு போன்ற அடையாளங்களில் எதைக் கொண்டு அடிமரம் கண்டுபிடிக்கப்பட்டது, எந்தக் கிளை கட்டியோடு ஒட்டியிருந்தது, காயத்தை மூடுவதற்கு முன் நரம்பைத் தூண்டிப் பார்த்தபோது முகம் அசைந்ததா, எத்தனை மில்லியாம்பியரில் அசைந்தது என்றெல்லாம் எழுதப்பட்டிருந்தால், அது மருத்துவருக்குப் பெரும் பாதுகாப்பு. நோயாளிக்கும் அது நல்ல செய்தியே. நரம்பு முழுதாக இருக்கிறது, காத்திருக்கலாம் என்று பொருள்.

இரண்டாவது தாள் மயக்க மருந்துப் பதிவேடு. நரம்புத் தூண்டியும் கண்காணிப்புக் கருவியும் வேலை செய்வது தசையின் துடிப்பை வைத்துத்தான். நரம்பைத் தேடும் நேரத்தில் நோயாளியின் உடலில் நீண்டநேரம் செயல்படும் தசைத் தளர்ச்சி மருந்து இருந்தால், நரம்பைத் தொட்டாலும் தசை துடிக்காது. கருவி மௌனமாக இருக்கும். அந்த மௌனத்தை ‘இங்கே நரம்பு இல்லை’ என்று படித்துவிடும் ஆபத்து உண்டு. மூச்சுக்குழாய் செருகுவதற்காகக் குறுகிய நேர மருந்து ஒன்று தரப்பட்டு, அதன் பின் எதுவும் தரப்படவில்லை என்றால் சிக்கலில்லை. தோலைக் கீறி அரைமணி கழித்து மீண்டும் ஒரு தசைத் தளர்ச்சி மருந்து தரப்பட்டதாக அந்தக் கட்டங்களில் ஒரு பதிவு இருந்தால், அறுவைக் குறிப்பில் ‘கண்காணிப்புக் கருவி பயன்படுத்தப்பட்டது’ என்று எழுதியிருப்பதன் மதிப்பே மாறிவிடுகிறது. வழக்கறிஞர்கள் பக்கம் பக்கமாகப் படிக்கும் கோப்பில் இந்த ஒரு தாளை மயக்க மருந்து நிபுணரிடம் காட்டிக் கேட்பவர்கள் குறைவு என்பது வருத்தத்துக்குரியது.

கண்காணிப்புக் கருவி பயன்படுத்தப்படாததே தவறாகுமா என்பதற்கு, கட்டி எங்கே இருந்தது என்பதைப் பொறுத்து விடை மாறும். வெஸ்டிபுலர் ஷ்வானோமா அறுவையில் நரம்புக் கண்காணிப்பு பலன் தருகிறது என்ற கருத்தொற்றுமையை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் மாநாடு 1991-இலேயே வெளியிட்டது. இன்று அத்தகைய அறுவையை அக்கருவி இல்லாமல் செய்தவர் வலுவான விளக்கம் தர வேண்டியிருக்கும். முதல்முறை செய்யப்படும் பரோட்டிட் அறுவையில் நிலைமை அவ்வளவு உறுதியானதன்று. பலர் பயன்படுத்துகிறார்கள், கண்ணால் கண்டு செய்வதே போதும் என்று கருதும் பொறுப்புள்ள மருத்துவர்களும் இருக்கிறார்கள், ஆகவே போலம் அளவுகோலின்படி கருவியின்மை மட்டும் போதாது. முன்பே ஒருமுறை அறுவை நடந்து தழும்பேறிய இடத்தில் மீண்டும் கத்தி வைக்கும்போது இந்தத் தராசு நோயாளியின் பக்கம் சாய்கிறது.

இந்த முதல் அடித்தளம் தெளிவாக வலுப்பெறும் சூழல் ஒன்று உண்டு. தாடையோரத்துக் கட்டியைத் தோலடிக் கொழுப்புக் கட்டி என்றோ நிணநீர்க் கணு என்றோ எடுத்துக்கொண்டு, ஸ்கேனோ ஊசிவழி செல் பரிசோதனையோ இல்லாமல், அந்த இடத்து நரம்புகளைத் தேடும் எண்ணமே இன்றி, சிறு அறுவையாக அகற்றுவது அது. இங்கே தவறு கைத்திறனில் நிகழ்ந்ததன்று, நோயறிதலில் நிகழ்ந்தது. எந்த மருத்துவப் பிரிவும் அதை ஏற்கத்தக்க முறை என்று எளிதில் சொல்ல மாட்டாது. இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது புற்றுக்கட்டி. கட்டி நரம்புக்குள்ளேயே ஊடுருவியிருந்தால், உயிரைக் காக்க நரம்பைத் தெரிந்தே வெட்டி எடுப்பது சிகிச்சையின் பகுதி. அங்கே வெட்டியதைக் குறைகூறி வழக்குத் தொடுப்பது வீண். வெட்ட நேரலாம் என்று முன்பே சொன்னார்களா, அதே அமர்வில் ஒட்டு நரம்பு வைத்தார்களா, ஏன் வைக்கவில்லை என்பவையே கேட்கத்தக்கவை.

இரண்டாவது அடித்தளம்: முன்பு சொல்லாமல் விட்டது

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறது என்பதாலேயே இந்தக் கதவு அடைபட்டுவிடுவதில்லை. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992-இல் ரோஜர்ஸ் எதிர் விட்டேக்கர் வழக்கில், ஏறத்தாழ 14,000-இல் ஒருவருக்கு நேரக்கூடிய கண்பார்வை இழப்பைச் சொல்லாமல் விட்டதற்கும் மருத்துவர் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. காரணம், தன் நல்ல கண்ணைப் பற்றி அந்த நோயாளி மீண்டும் மீண்டும் கவலைப்பட்டுக் கேட்டிருந்தார். ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றமும் 2015-இல் மாண்ட்கோமரி வழக்கில், எந்த அபாயத்தைச் சொல்ல வேண்டும் என்பதை மருத்துவர்களின் வழக்கம் தீர்மானிப்பதில்லை, அந்த நோயாளியின் இடத்தில் இருக்கும் ஒருவருக்கு எது பொருட்டாகத் தோன்றுமோ அதுவே தீர்மானிக்கும் என்றது. எல்லா நாடுகளும் இந்தப் பாதையில் வந்துவிடவில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில், அமெரிக்க வகைக் கடும் அளவுகோலைத் தவிர்த்து, மருத்துவத் துறையின் நடைமுறையை ஒட்டிய போதுமான தகவலே போதும் என்ற நிலையை எடுத்தது. ஆகவே இந்த அடித்தளத்தின் வலிமை, வழக்கு நடக்கும் நாட்டைப் பொறுத்துப் பெரிதும் வேறுபடும்.

ஆனால் சொல்லவில்லை என்று நிறுவினால் மட்டும் போதாது. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்ற கேள்வி அடுத்து வரும். இந்த இடத்தில்தான் இரண்டு வகைக் கட்டிகளுக்கும் இடையிலான வேறுபாடு தீர்ப்பையே மாற்றக்கூடியதாக ஆகிறது. வெஸ்டிபுலர் ஷ்வானோமா சிறியதாக இருந்தால், நோயாளிக்கு உண்மையிலேயே மாற்று வழிகள் இருந்தன: குறிப்பிட்ட இடைவெளியில் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு காத்திருப்பது ஒன்று. முக நரம்புக்கு மிகக் குறைந்த ஆபத்துடன் ஒரே அமர்வில் கதிர்வீச்சை குவித்துச் செலுத்துவது இன்னொன்று. அறுவையே செய்தாலும் நரம்பில் ஒட்டிய மெல்லிய பகுதியை விட்டுவைத்துக் கண்காணிப்பது மற்றொன்று. இவற்றைச் சொல்லாமல் அறுவை ஒன்றே வழி என்று காட்டியிருந்தால், ‘நான் காத்திருந்திருப்பேன்’ என்ற நோயாளியின் கூற்று நம்பத்தக்கது. கட்டி மூன்று சென்டிமீட்டரைத் தாண்டி மூளைத்தண்டை அழுத்திக்கொண்டிருந்தால் அதே கூற்று வலுவிழக்கிறது.

பரோட்டிட் சுரப்பியில் மிகுதியாகக் காணப்படும் பிளியோமார்ஃபிக் அடினோமா என்ற கட்டிக்கு அத்தகைய மாற்று இல்லை. அது தானாகக் கரையாது, வளர்ந்துகொண்டே போகும், ஆண்டுகள் செல்லச் செல்லப் புற்றாக மாறும் வாய்ப்பும் உண்டு. ‘அபாயத்தைச் சொல்லியிருந்தால் அறுவையே வேண்டாம் என்றிருப்பேன்’ என்று அங்கே சொல்வதை எதிர்த்தரப்பு எளிதில் உடைத்துவிடும். அங்கே ஏற்கத்தக்க கூற்று வேறு: ‘இதில் அனுபவம் மிக்க வேறு மருத்துவரிடம் போயிருப்பேன்’ அல்லது ‘அன்றைக்கு அவசரப்பட்டுச் செய்துகொண்டிருக்க மாட்டேன்’. இங்கிலாந்தில் 2004-இல் செஸ்டர் எதிர் அஃப்ஷார் வழக்கில், அபாயம் சொல்லப்பட்டிருந்தால் நோயாளி அன்று அந்த அறுவையைச் செய்துகொண்டிருக்க மாட்டார் என்பதே போதும் என்று, அந்நாளில் அங்கே மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை பெரும்பான்மையாக ஏற்றது. எல்லா நாட்டு நீதிமன்றங்களும் அவ்வளவு தூரம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்த அடித்தளத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேடைப் பாடகர், குழலிசைக் கலைஞர், வகுப்பில் நாள் முழுதும் பேசும் ஆசிரியர் போன்றவர்களுக்கு உதட்டோரத்தில் வரும் சிறு பலவீனமும் தொழிலையே பறிக்கும். அந்தத் தொழிலை மருத்துவரிடம் சொல்லியிருந்தார்களா, அது கோப்பில் எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று தேடுவது, படிவத்தில் எந்த வரி விடுபட்டது என்று தேடுவதைவிடப் பயன்தரும்.

மூன்றாவது அடித்தளம்: பின்பு செய்யாமல் விட்டது

பொதுவாக யாரும் முதலில் நினைக்காத இந்த அடித்தளத்தையே நான் முதலில் ஆராயச் சொல்வேன். துண்டிக்கப்பட்ட நரம்பில், வெட்டுக்கு அப்பால் முகத்தை நோக்கிச் செல்லும் பகுதி ஏறத்தாழ 72 மணி நேரம் வரை மின் தூண்டலுக்குப் பதிலளிக்கும். நோயாளி மயக்கம் தெளிந்தவுடனேயே முகத்தின் ஒரு பாதி முழுதும் செயலற்றிருக்கிறது, நரம்பு முழுதாக இருந்ததற்கு அறுவைக் குறிப்பில் உறுதியான பதிவும் இல்லை என்றால், அந்த மூன்று நாள்களுக்குள் மீண்டும் திறந்து பார்ப்பதா என்று தீவிரமாகச் சிந்தித்திருக்க வேண்டும். அறுந்த முனைகளைத் தூண்டிக் கண்டுபிடிப்பதும் இணைப்பதும் அப்போது எளிது. முதல் நாள் முகம் அசைந்து, சில நாள் கழித்துத்தான் பலவீனம் வந்தது என்றால், அது வீக்கத்தால் வந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். அங்கே காத்திருப்பதே முறை. ஆகவே முதல் நாள் மாலைக் குறிப்பில் முக அசைவு பற்றி என்ன எழுதியிருக்கிறது, ஏதாவது எழுதியிருக்கிறதா என்பது, பின்னாளில் ஒரு வழக்கையே தாங்கும் அல்லது சாய்க்கும் வரியாக ஆகிவிடுகிறது.

அதன் பிறகு வருவது நீண்ட காத்திருப்பு. ‘கொஞ்சம் பொறுங்கள், சரியாகிவிடும்’ என்று ஒவ்வொரு வருகையிலும் சொல்லி அனுப்பி, தசையின் மின்செயல்பாட்டை அளக்கும் மின்தசைப் பரிசோதனையும் செய்யாமல், நரம்புச் சீரமைப்பு நிபுணரிடமும் அனுப்பாமல் ஓராண்டுக்கு மேல் கடத்திவிட்டால், அதுவரை பழுதாகாமல் இருந்த ஒன்று பழுதாகிவிடுகிறது. நரம்புத் தொடர்பை இழந்த முகத்தசை ஏறத்தாழ 12 முதல் 18 மாதங்கள் வரைதான் புதிய நரம்பை ஏற்கும் நிலையில் இருக்கும். அதற்குள் என்றால் கழுத்திலிருந்தோ காலிலிருந்தோ எடுத்த ஒட்டு நரம்பு, நாக்கு நரம்பையோ மெல்லும் தசையின் நரம்பையோ முக நரம்புடன் இணைப்பது போன்ற வழிகள் திறந்திருக்கும். அதற்குப் பின் தொடையிலிருந்து தசையையே பெயர்த்துக் கொண்டுவர வேண்டிய பெரிய அறுவையே மிஞ்சும். தவறுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பை இங்கே நாள்காட்டியை வைத்தே காட்ட முடிவதுதான் இந்த அடித்தளத்தின் பலம். மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்தும் களிம்பும் தராமல், கருவிழிப் படலம் உலர்ந்து புண்ணானால், அது இன்னும் எளிதில் நிறுவக்கூடிய தவறு.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. இங்கிலாந்தில் 2005-இல் தீர்க்கப்பட்ட கிரெக் எதிர் ஸ்காட் வழக்கில், அக்குளில் இருந்த கட்டியை மருத்துவர் தீங்கற்றது என்று சொல்லி அனுப்பியதால் புற்றுநோயைக் கண்டறிவது தாமதப்பட்டது. குணமாகும் வாய்ப்பு 42 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாகக் குறைந்தது. தொடக்கத்திலேயே வாய்ப்பு பாதிக்கும் குறைவாக இருந்ததால், வாய்ப்பு குறைந்ததற்கு மட்டும் இழப்பீடு இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறிவிட்டார்கள். முக நரம்பு வழக்கிலும் இதே கேள்வி எழும்: உரிய நேரத்தில் இணைத்திருந்தால் பயன் தரும் அசைவு திரும்பியிருப்பதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்ததா? நிபுணரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. கடைசியாகக் கேட்பவர்களே மிகுதி.

இவற்றோடு சேராத தனி வகை ஒன்றும் உண்டு: கட்டியால் வந்த முகவாதத்தைச் சாதாரண முகவாதம் என்று நினைத்துச் சிகிச்சை அளிப்பது. பெல் முகவாதம் எனப்படும் அந்தச் சாதாரண வகை திடீரென வரும், பெரும்பாலும் சில வாரங்களில் தேறத் தொடங்கும். வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடிவந்த பலவீனம், முகத்தின் ஒரு கிளை மட்டும் செயலிழப்பது, நான்கைந்து மாதமாகியும் சிறு அசைவும் திரும்பாமை ஆகியவை இருந்தும் ஸ்கேன் எடுக்காமல் விட்டிருந்தால், அது தாமத நோயறிதல் வழக்கு. அதில் முகத்தைவிடப் புற்றுநோயின் நிலை எவ்வளவு முற்றியது என்பதே பெரிதாகப் பேசப்படும்.

எந்த மன்றம்?

அடித்தளம் தெளிவானால் மன்றத்தைத் தேர்வது அவ்வளவு கடினமன்று. குற்றவியல் புகாரைத்தான் கோபத்தில் பலரும் முதலில் நாடுகிறார்கள். நான் முதலில் விலக்கச் சொல்வதும் அதையே. அறுவையில் நேர்ந்த நரம்பு பாதிப்புக்கு அது பொருந்துவது மிக அரிது. இந்திய உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால் மட்டுமே குற்றவியல் பொறுப்பு வரும் என்றும், வேறொரு மருத்துவரின் நம்பத்தக்க கருத்து இல்லாமல் புகாரை ஏற்கக் கூடாது என்றும் சொன்னது. பிற நாடுகளிலும் வாசல் ஏறத்தாழ அதே உயரத்தில்தான் இருக்கிறது. அந்தப் புகார் தள்ளுபடியானால், அதன் நிழல் இழப்பீட்டு வழக்கின் மேலும் விழும்.

மருத்துவ கவுன்சில் போன்ற ஒழுங்குமுறை அமைப்பிடம் செல்வது பணம் தராது. ஆனால் ‘இனி இன்னொருவருக்கு இப்படி நேரக் கூடாது’ என்பதே ஒருவரின் நோக்கமாக இருந்தால், இழப்பீட்டு வழக்கு செய்யாததை அது செய்யக்கூடும். பதிவேடுகளில் பின்னர் திருத்தம் செய்யப்பட்டிருப்பது, தகுதியில்லாதவர் அறுவை செய்திருப்பது போன்ற புகார்களுக்கு அதுவே பொருத்தமான இடம்.

பெரும்பாலோருக்கு மிஞ்சுவது இழப்பீட்டு வழக்கும் பேச்சுவார்த்தையும். இந்தியாவில் 1995-ஆம் ஆண்டின் சாந்தா வழக்குத் தீர்ப்புக்குப் பின் கட்டணச் சிகிச்சைகள் நுகர்வோர் ஆணையங்களின் வரம்புக்குள் வந்ததால், உரிமையியல் நீதிமன்றத்தைவிட எளிய வழி ஒன்று கிடைத்தது. ஆயினும் நிபுணர்களைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய சிக்கலான நுட்பப் பிரச்சினைக்கு, சுருக்க விசாரணை எப்போதும் நோயாளிக்குச் சாதகமாக அமையும் என்று சொல்ல முடியாது. மூன்றாவது அடித்தளம்போலத் தேதிகளை வைத்தே நிறுவக்கூடிய வழக்குக்கு விரைவான மன்றம் பொருந்தும். முதல் அடித்தளம்போல நிபுணருக்கு நிபுணர் மோதும் வழக்குக்கு, ஆவணங்களைக் கட்டாயப்படுத்தி வரவழைத்து நிதானமாக விசாரிக்கும் நீதிமன்றமே பொருந்தும் என்பது என் எண்ணம்.

நியூசிலாந்து 1974 முதல் வேறொரு பாதையில் செல்கிறது: யாருடைய தவறு என்று நிறுவாமலேயே சிகிச்சைக் காயத்துக்கு உதவி கிடைக்கும், அதற்கு ஈடாக இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்கும் உரிமை பெரும்பாலும் இல்லை. ஆனால் சிகிச்சையின் வழக்கமான விளைவு என்று கருதப்படுவது அங்கேயும் சேராது. ஆகவே புற்றுக்கட்டிக்காகத் தெரிந்தே நரம்பை எடுத்த ஒருவருக்கும், தீங்கற்ற கட்டியை எடுக்கும்போது எதிர்பாராமல் நரம்பு அறுந்த ஒருவருக்கும் அங்கே கிடைக்கும் விடை ஒன்றாக இருக்காது.

வழக்கே தொடுக்காமல் இருப்பதும் முழுமையான ஒரு முடிவுதான்; தோல்வி என்று அதைப் பார்க்க வேண்டியதில்லை. அபாயம் தெளிவாகச் சொல்லப்பட்டு, நரம்பு காக்கப்பட்டதற்குப் பதிவும் இருந்து, பின்தொடர் சிகிச்சையும் ஒழுங்காக நடந்திருந்தால், எந்த மன்றத்திலும் கேட்பதற்கு ஒன்றுமில்லை. அங்கே கேட்க வேண்டியது அறுவை மருத்துவரோடு ஒரு மணி நேரம், பதிவேடுகளின் முழு நகல், அடுத்த ஓராண்டுக்கான சீரமைப்புத் திட்டம் ஆகியவையே. மருத்துவர் வருத்தம் தெரிவித்தால் அதைக் குற்ற ஒப்புதலாகப் பிடித்துக்கொள்ள முனைவதும் பயன் தராது. இங்கிலாந்தின் 2006-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம்போலப் பல இடங்களில் வருத்தம் தெரிவிப்பது மட்டும் ஒப்புதல் ஆகாது என்றே சட்டம் சொல்கிறது. அந்த வருத்தத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு மேலே பேசுவதால்தான் பல கோப்புகளின் உண்மை வெளியே வருகிறது.

இரண்டு கடிகாரங்கள்

காலத்தைப் பற்றிய முடிவில்தான் அதிகமானோர் தவறிழைக்கிறார்கள். தசையின் கடிகாரம் மாதங்களில் ஓடுகிறது; சட்டத்தின் கடிகாரம் ஆண்டுகளில் ஓடுகிறது. இங்கிலாந்தில் பாதிப்பை அறிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள், இந்திய நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுகள் என்று காலவரம்பு இடத்துக்கு இடம் மாறினாலும், எங்கேயும் அது தசை காத்திருக்கும் காலத்தைவிடக் குறுகியதாக இருப்பது அரிது. ஆகவே வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு முன் வேறொரு மருத்துவமனையில் நரம்புச் சீரமைப்பு நிபுணரைப் பார்ப்பதே முறை. மீண்டும் அறுவை செய்தால் வழக்கு பலவீனமாகிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நடப்பது நேர்மாறானது: இரண்டாவது மருத்துவர் திறந்து பார்த்து, நரம்பு எங்கே, எப்படி அறுந்திருந்தது என்று எழுதும் குறிப்பைவிடச் சிறந்த சாட்சியம் வேறில்லை. சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்யாமல் விட்டால், தன் இழப்பைத் தானே பெருக்கிக்கொண்டதாக எதிர்த்தரப்பு வாதிடவும் இடம் கொடுக்கிறோம்.

இந்த மாதங்களில் முகத்தின் நிலையை ஒழுங்காகப் பதிவு செய்துவர வேண்டும். 1985-இல் வெளியான ஹவுஸ்-பிராக்மன் அளவுகோல் முகவாதத்தை ஆறு தரங்களாகப் பிரிக்கிறது. முயன்று இறுக்கினால் கண் முழுதும் மூடுகிறது என்றால் மூன்றாம் தரம், எவ்வளவு முயன்றாலும் வெண்விழி ஒரு கீற்றாகத் தெரிகிறது என்றால் நான்காம் தரம். இழப்பீட்டுத் தொகையில் அந்த ஒரு கீற்று பெரிய வேறுபாட்டை உண்டாக்கக்கூடும். அசையாத புகைப்படத்தில் இது தெரிவதில்லை. அமைதியாக இருக்கும் முகம் ஏறத்தாழச் சமமாகவே தோன்றும். மாதத்துக்கு ஒருமுறை, அதே வெளிச்சத்தில், தொடக்கத்தில் சொன்ன அதே ஐந்து அசைவுகளைச் செய்துகாட்டும் ஒரு நிமிடக் காணொளி போதும்.

பேச்சுவார்த்தையில் ஒரு தொகை சீக்கிரமே முன்வைக்கப்பட்டால், ஏற்பதா என்ற கேள்விக்கும் இந்தக் கடிகாரமே விடை தரும். நான்கைந்து மாதங்களுக்குப் பின், வளரும் நரம்பிழைகள் தவறான தசைகளுக்குப் போய்ச் சேர்வதால், கண்ணை மூடும்போது உதட்டோரம் தானாக இழுபடுவதும், சிரிக்கும்போது கண் சுருங்குவதும் தொடங்கலாம். இதற்குத் தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி சில மாதங்களுக்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்கில் தேவைப்படலாம். மூன்றாம் மாதத்தில் கையெழுத்தாகும் உடன்படிக்கையில் இந்தச் செலவு எதுவும் இருக்காது. அதற்காக ஒன்றரை ஆண்டு சும்மா காத்திருந்தால் காலவரம்பு கழுத்தை நெரிக்கும். காலவரம்பு ஓடுவதை இரு தரப்பும் எழுத்துமூலம் நிறுத்திவைக்கச் சட்டம் இடம் தரும் நாடுகளில் அப்படிச் செய்துகொள்ளலாம். இடம் தராத நாடுகளில் வழக்கைப் பதிவு செய்துவிட்டுப் பேச்சுவார்த்தையைத் தொடரலாம். அப்போதும் அவசரமாகப் பணம் தேவைப்பட்டால், இதுவரை ஆன சிகிச்சைச் செலவுக்கு மட்டும் இடைக்காலத் தொகை பெற்றுக்கொண்டு, கண் மூட உதவும் சிறு எடையை இமையில் பொருத்துதல், தசை மாற்று, ஊசிச் சிகிச்சை ஆகியவற்றின் பெயரைத் தனித்தனியாக எழுதி, அவை இந்த உடன்படிக்கையில் அடங்கா என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு அந்த வரிக்கு மறுத்தால், தரப்படும் தொகை எதையெல்லாம் முடித்துவைப்பதற்காகத் தரப்படுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.